பால் பாக்கெட் வாங்க ஒரு டன் இரும்பு!

பள்ளிப்பட்டு மாதிரி ஊர்ல எந்த வேலையும் தூரம் கிடையாது. பஸ் ஸ்டாண்டு, கடைத்தெரு, பேங்க், தாலுகா ஆபீஸ் எல்லாமே நடந்து போற தூரம்தான். ஆனா, வீட்டு வாசல்ல கார் வந்து நின்ன மறுநாளே நம்ம கால் ரெண்டும் ஸ்ட்ரைக் பண்ண ஆரம்பிச்சிடும். 'அரை லிட்டர் பால்தானே, ஒரே நிமிஷம்'னு சாவியைச் சுத்திக்கிட்டே கிளம்பற ஆசாமியா நீங்க? அப்ப இந்தக் கணக்கு உங்களுக்குத்தான் பாஸ்!

குளிர்ந்த இன்ஜின்... கொள்ளைப் பசி!

காலையில ஸ்டார்ட் பண்றப்ப இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும். அந்தக் குளிர்ல பெட்ரோல் சரியா ஆவியாகாது. அதனால இன்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர், வழக்கத்தைவிட அதிகமா பெட்ரோலை உள்ளே அனுப்பும். இன்ஜின் முழுசா சூடாகப் பல நிமிஷம் ஆகும். அதுக்குள்ள நீங்க பாலை வாங்கிட்டு வீட்டுக்கே திரும்பியிருப்பீங்க!

20 கி.மீ. மைலேஜ் தர்ற காரு, இந்தக் குட்டிப் பயணத்துல பாதிகூடக் கொடுத்துட்டா பெரிய விஷயம். பாதின்னே வெச்சுக்குவோம். போக ஒரு கி.மீ., வர ஒரு கி.மீ. லிட்டர் 100 ரூபாய்னு போட்டா, பெட்ரோல் மட்டும் 20 ரூபாய். தினமும் ரெண்டு தடவைன்னா 40 ரூபாய். வருஷத்துக்கு 14,600 ரூபாய். ஒரு நல்ல கியர் சைக்கிளே வாங்கிடலாம்!

தண்ணி குடிக்கும் சைலன்ஸர்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா, ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வெளியே வரும். கெமிஸ்ட்ரி சமன்பாட்டைப் போட்டுப் பாருங்க, சரியா வரும். நீண்ட பயணத்துல இந்த ஆவி புகையோட போயிடும். குட்டிப் பயணத்துல, சைலன்ஸருக்குள்ளேயே தண்ணியாத் தங்கித் துரு பிடிக்க வைக்கும். கொஞ்சம் ஆயிலிலும் கலக்கும். ஸ்டார்ட் பண்ண செலவான கரண்ட்டை பேட்டரி திரும்பச் சேர்க்கவும் நேரம் கிடைக்காது. அதனாலதான் பல கார்களோட மேனுவல்ல, அடிக்கடி குறைஞ்ச தூரம் ஓட்டறதைக் 'கடுமையான உபயோகம்'னு சொல்லி, ஆயிலைச் சீக்கிரம் மாத்தச் சொல்றாங்க.

இன்னொண்ணு. புகையைச் சுத்தம் பண்ற 'கேட்டலிடிக் கன்வர்ட்டர்' சுமார் 300 டிகிரி சூடானாத்தான் ஒழுங்கா வேலை செய்யும். அதுக்கு முன்னாடி வர்ற மோசமான புகை எங்கே போகும்? உங்க தெருவுக்கு. அங்கே விளையாடற குட்டிப் பசங்க மூக்குக்கு!

தினம் ஒரு படி இறக்கம்

திருத்தணி மலைக்கு 365 படி, நாளுக்கு ஒரு படின்னு சொல்வாங்க. காரும் அப்படித்தான், தினம் ஒரு படி இறங்கிக்கிட்டே இருக்கும். இன்ஷூரன்ஸ் கணக்குப்படி ஒரு வருஷத்துல காரோட மதிப்பு 15 சதவிகிதம் குறையும். அஞ்சு வருஷத்துல பாதி போயிடும். 6 லட்ச ரூபாய் காருன்னா 3 லட்சம் காலி. ஒரு நாளைக்குச் சுமார் 164 ரூபாய்!

'அதான் நின்னாலும் குறையுதே, ஓட்டினா என்ன?'ன்னு கேட்பீங்க. நல்ல கேள்வி. இந்த 164 ரூபாய், காரை வாங்கறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு. 'அவசரத்துக்கு இருக்கட்டும்'னு கடன்ல வாங்கி, கடைசியில பால் வாங்க மட்டுமே ஓட்டறவங்க யோசிக்கணும். வாங்கினப்புறம் போட வேண்டியது பெட்ரோலும் தேய்மானமும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

இவான் இல்லிச்னு ஒரு சிந்தனையாளர், 1974-ல் வந்த தன்னோட புத்தகத்துல ஒரு வேடிக்கையான கணக்குப் போட்டார். ஒரு அமெரிக்கர் கார் ஓட்டற நேரத்தோட, கார் செலவுக்காக உழைக்கற நேரத்தையும் சேர்த்தார். வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஆச்சு. அதுல போற தூரம் 7,500 மைல். அதாவது, மணிக்கு எட்டு கி.மீ.கூட இல்லை. சைக்கிளே ஜெயிச்சிடும்!

அப்ப காரே வேண்டாமா?

அப்படிச் சொல்லலை. ராத்திரி நெஞ்சு வலிக்குதுன்னு தாத்தாவைத் திருத்தணிக்கோ திருவள்ளூருக்கோ கூட்டிட்டுப் போகணும்னா கார்தான் தெய்வம். அப்படிப்பட்ட ராத்திரியில பேட்டரி டவுன் ஆகாம இருக்கணுமே, அதுக்காகவும்தான் சொல்றேன். குட்டி வேலைகளை எல்லாம் சேர்த்து வெச்சு ஒரே ரவுண்டுல முடிங்க, ஒரே சூட்டுல வேலையாகும். நகர்ப் பேருந்துல, 2021 மே மாசத்துல இருந்து பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. மிச்சத்துக்கு இருக்கவே இருக்கு, இரண்டு கால்.

சாயங்காலம் அம்மா 'கொத்தமல்லி தீர்ந்துபோச்சுடா'ன்னு குரல் கொடுத்தா, கார் சாவி ஆணியிலேயே தொங்கட்டும். கொத்தமல்லிக் கட்டு பத்து ரூபாய், பெட்ரோல் இருபது ரூபாய்னா எந்தக் கணக்குல சேர்த்தி மக்களே?