தையில் பிறந்தால் வழி பிறக்கும்

மைதானத்துக்கு முந்தைய நாள் – 11

போன வாரம் கனடாவின் பனித்தளம் ஒன்றில் ஒரு குழந்தையை நாற்காலி தள்ளவிட்டு, விழுந்து எழுந்து நடை பழகட்டும் என்று விட்டுவிட்டு வந்தோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும். இந்த வாரம் ஹாக்கிப் பையைத் திறந்து உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்ப்பதாகப் பேச்சு. பையைத் திறக்கத்தான் தொடர் உட்கார்ந்தது. ஆனால் பைக்கு முன்னால் ஒரு படிவம் இருக்கிறது, படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டதில் நான்கு நாள் போய்விட்டது.

பிறந்த தேதி.

கனடாவில் பிள்ளையை ஐஸ் ஹாக்கியில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் முதலில் போய் நிற்பது ஊர்ச் சங்கத்தின் வாசலில். கல்கரியில் தலைமையகம் வைத்திருக்கும் ஹாக்கி கனடா மேலே. அதன் கீழே மாகாணக் கிளைகள். கடைசியில் ஊருக்கு ஊர், பேட்டைக்குப் பேட்டை ‘மைனர் ஹாக்கி’ சங்கங்கள். ஏறக்குறைய நம்மூர்க் கோயில் கமிட்டிதான். படிவம் வாங்குகிறவர் யாரோ ஒரு பையனின் அப்பா. அணிக்கு மேனேஜர் வேறொரு பெண்ணின் அம்மா. ஸ்கோர் பலகைப் பொத்தானை அழுத்துகிறவர் மூன்றாவது பிள்ளையின் மாமா. பெரும்பாலும் யாருக்கும் சம்பளம் கிடையாது. பக்கத்துப் பேட்டைச் சங்கம் பிடித்திருக்கிறது என்று அங்கே போய்ச் சேர்ந்துவிடவும் பல இடங்களில் முடியாது. வீடு எந்த எல்லைக்குள் விழுகிறதோ அந்தச் சங்கம்தான், ரேஷன் கடை மாதிரி.

கேட்கிற காகிதங்களில் முக்கியமானவை இரண்டு: முகவரிச் சான்று, பிறப்புச் சான்று. இரண்டாவதில் சமாளிப்பு நடக்காது. நம் வீட்டுப் பெரியவர்களில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்தவர்களாக இருப்பதன் ரகசியம் எல்லோருக்கும் தெரியும். பள்ளியில் சேர்க்கும் அன்று வயது போதவில்லை என்றால், தலைமையாசிரியரே பேனாவை எடுத்து ஒரு பிறந்த நாளைப் பிறப்பித்துவிடுவார். அசல் நட்சத்திரம் ஜாதகத்தில், நகல் தேதி சர்டிபிகேட்டில் என்று ஒரு தலைமுறையே இரண்டு பிறப்போடு வாழ்ந்தது. வயதைக் குறைத்துக்கொண்டு ஜூனியர் கிரிக்கெட்டுக்குள் நுழைகிறவர்களைப் பிடிக்க இந்தியக் கிரிக்கெட் வாரியம் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறது. கனடாவின் தொல்லை வேறு மாதிரி. அங்கே தேதி பொய் சொல்வதில்லை. உண்மையான தேதியே வேலையைக் காட்டிவிடுகிறது.

ஏழு வயதுக்குட்பட்டோர், ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்று பிரிவுகள் ஏறிக்கொண்டே போகின்றன. முன்பு இவற்றுக்கு ஆட்டம் (Atom), பீவீ, பேன்டம், மிட்ஜெட் என்று செல்லப் பெயர்கள் இருந்தன. கடைசிப் பெயர் உயரம் குறைந்த மனிதர்களைக் கேலி செய்யும் சொல் என்பதால், 2020-21 சீசனோடு எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டு வெறும் வயதை வைத்தார்கள். வயதைக் கணக்கிடும் நாள் மட்டும் மாறவில்லை: டிசம்பர் 31. ஜனவரி 2-இல் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பர் 30-இல் பிறந்தவனும் ஒரே பிரிவு, ஒரே தளம், ஒரே தேர்வு. ஏழு வயதில் ஒரு வருடம் என்பது அந்தப் பிள்ளை வாழ்ந்த காலத்தில் ஏழில் ஒரு பங்கு. ஒருவன் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்தவன். இன்னொருவனுக்கு அம்மா இல்லாமல் சட்டையைக் கழற்றத் தெரியாது.

இந்த எளிய கணக்கு 1980-களின் நடுப்பகுதி வரை யார் கண்ணிலும் படாமல் கிடந்ததுதான் இந்த வாரம் தொடரைப் பிடித்து உட்கார வைத்த அதிசயம். ஆல்பர்ட்டா மாகாணத்தில் லெத்பிரிட்ஜ் என்ற ஊர். அங்கே பல்கலைக்கழகத்தில் உளவியல் சொல்லிக்கொடுத்தவர் ரோஜர் பார்ன்ஸ்லி. ஒருநாள் மனைவி பாலாவோடும் பையன்களோடும் உள்ளூர் ஜூனியர் அணியான பிராங்கோஸின் ஆட்டத்துக்குப் போகிறார். கையில் கொடுத்த ஆட்ட நிரலைப் பாலா புரட்டிக்கொண்டிருந்தார். நாம் கல்யாண மண்டபத்தில் தாம்பூலப் பையின் விளம்பரத்தைப் படிப்போமே, அந்த மாதிரிப் படிப்புதான். வீரர்களின் பெயர், உயரம், எடை, பிறந்த தேதி. திடீரென்று கணவரிடம், இந்தப் பையன்கள் எப்போது பிறந்தவர்கள் தெரியுமா என்று கேட்கிறார். பேராசிரியர் ஆண்டைச் சொல்கிறார். அறுபதுகளின் பிற்பகுதியாக இருக்கும், இதில் என்ன விந்தை? பாலா கேட்டது மாதத்தை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச். மறுபடி ஜனவரி. மறுபடி பிப்ரவரி.

வீட்டுக்குப் போன ரோஜர் கிடைத்த பட்டியல்களையெல்லாம் எடுத்து மாதவாரியாக எண்ணினார். ஒன்டாரியோ ஜூனியர் வீரர்கள், சிறுவர் தேர்வு அணிகள், என்எச்எல் தொழில்முறை வீரர்கள். எங்கே பார்த்தாலும் ஜனவரிதான் நிறைந்திருந்தது. 1985-இல் பாலாவோடும் இன்னொரு ஆய்வாளரோடும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார். சிறந்த வீரர்கள் என்று பொறுக்கி எடுத்த எந்தக் கூட்டத்தை எடுத்தாலும் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள். அடுத்த மூன்றில் 30, அதற்கடுத்து 20, கடைசி மூன்று மாதங்களுக்கு மிஞ்சுவது 10. மால்கம் கிளாட்வெல் 2008-இல் தம் ‘அவுட்லையர்ஸ்’ நூலின் முதல் அத்தியாயத்தில் இதை எடுத்து வைத்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. ஆனாலும் முதலில் பார்த்தது கேலரியில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவின் கண்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்கிற பழமொழியை அறுவடைக்காகச் சொல்லி வைத்தார்கள். கனடாவின் ஹாக்கிக்கு அது சட்ட விதி போலப் பொருந்துகிறது. ஜனவரியின் முதல் பாதி மார்கழிதானே என்று பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள் கேட்கலாம். கேட்பதற்கு நியாயம் உண்டு: இன்றைய தலைமுறையின் பெரிய நட்சத்திரம் கானர் மெக்டேவிட் பிறந்தது 1997 ஜனவரி 13, நம் போகிப் பண்டிகை. வெய்ன் கிரெட்ஸ்கி 1961-இல் நம் குடியரசு தினத்தன்று பிறந்தவர், அசல் தை.

ஆடியில் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கம், சித்திரைக் கத்திரி வெயிலில் பிரசவம் வந்துவிடக் கூடாது என்பதற்காக என்று பாட்டிகள் சொல்வதுண்டு. கனடாப் பாட்டிகள் இந்தக் கணக்கைப் போடுவதென்றால் சித்திரைப் பிரசவத்துக்குப் பயந்து என்ன பயன்? அவர்கள் தள்ளி வைக்க வேண்டியது பங்குனியை. அப்போது கருவுற்றால் பிள்ளை டிசம்பரில் வந்து நிற்கும்.

வழி எப்படிப் பிறக்கிறது? மந்திரம் எதுவும் இல்லை. சங்கத்தில் இரண்டு வாசல்கள். ‘ஹவுஸ் லீக்’ என்றால் பணம் கட்டிய எல்லாப் பிள்ளைக்கும் இடம் உண்டு. ‘ரெப்’ அணி என்றால் தேர்வு. முதுகில் எண் ஒட்டிய சட்டைகளோடு பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வர, கையில் அட்டையோடு பெரியவர்கள் குறிப்பெடுப்பார்கள். பத்து மாதம் மூத்தவன் அரைத்தலை உயரம் கூட, வேகம் கூட, சொன்னதைக் கேட்கும் பொறுமையும் கூட. அவனைத் திறமைசாலி என்று எழுதிக்கொள்கிறார்கள். தேர்வான பிறகு அவனுக்குப் பயிற்சி அதிகம், ஆட்டம் அதிகம், நல்ல பயிற்சியாளர். பதின்மூன்று வயதில் அவன் நிஜமாகவே மற்றவர்களைவிடக் கெட்டிக்காரன். முதலில் எழுதியது பொய்யாக இருந்திருக்கலாம், பிறகு அதை உண்மையாக்கிவிடுகிறார்கள்.

இது ஜனவரியின் மகிமை இல்லை என்பதற்கு பெல்ஜியத்தின் கால்பந்து சாட்சி. அங்கே வயதுக் கணக்கு ஆகஸ்ட் 1-இலிருந்து 1997-இல் ஜனவரி 1-க்கு மாறியது. இளையோர் அணிகளில் ஆகஸ்ட், செப்டம்பர் பிள்ளைகள் குறைந்தார்கள். ஜனவரி, பிப்ரவரி பிள்ளைகள் பெருகினார்கள். அந்த ஆண்டு எந்தக் கிரகமும் வீடு மாறவில்லை. அலுவலகத்தில் ஒரு தேதியை மாற்றினார்கள், அவ்வளவே.

இனி டிசம்பர் பிள்ளையின் பெற்றோர் கவனிக்க வேண்டிய பகுதி. சிட்னி கிராஸ்பி பிறந்தது 1987 ஆகஸ்ட் 7, ஆடி மாதம். ஆடிப்பட்டம் தேடி விதைத்த கதை அவருடையது. நோவா ஸ்கோஷியாவின் கோல் ஹார்பரில் வீட்டுக் கீழறையில் பக்கை (ஐஸ் ஹாக்கியின் வட்டு) அடித்துப் பழகுவார்; குறி தப்பியதெல்லாம் துணி உலர்த்தும் இயந்திரத்தில் போய் மோதும். நசுங்கிய அந்த இயந்திரம் இப்போது ஹாலிஃபாக்ஸில், மாகாண விளையாட்டுப் புகழ்க்கூடத்தில் காட்சிக்கு இருக்கிறது. இன்னொரு மகா ஆட்டக்காரர் மாரியோ லெமியு அக்டோபர் 5-இல் பிறந்த புரட்டாசிப் பிள்ளை.

இவர்களை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட முடியாது என்று 2013-இல் ஓர் ஆய்வு சொன்னது. 1980 முதல் 2007 வரை என்எச்எல் அணிகள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’டில் எடுக்கப்பட்ட கனடா வீரர்களைப் பிரித்துப் பார்த்தார்கள். ஜூலைக்கும் டிசம்பருக்கும் இடையில் பிறந்தவர்கள் 34 சதவீதமே. ஆனால் ஆடப்பட்ட ஆட்டங்களில் 42 சதவீதமும், எடுத்த புள்ளிகளில் 44 சதவீதமும் அவர்கள் கணக்கில். பின்னால் பிறந்தவர்களை என்எச்எல் அணிகள் தொடர்ந்து குறைத்தே எடை போட்டிருக்கின்றன. தன்னைவிடப் பெரியவர்களோடு மோதி மோதித் தாக்குப்பிடித்தவன் தேறிவிடுகிறான் என்பது ஒரு விளக்கம். தாக்குப்பிடிக்காமல் பத்து வயதில் பையை மூலையில் போட்டுவிட்டுப் போனவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். அந்தப் பிள்ளைகள்தான் தொடருக்கு இந்த வாரம் தூக்கத்தைக் கெடுத்தவர்கள்.

கிரெட்ஸ்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். தைப் பிள்ளைதான். ஆனாலும் மூத்தவர்கள் நடுவில் சின்னவனாக நிற்பது எப்படி என்று அவருக்குத் தெரியும். ஒன்டாரியோவின் பிரான்ட்ஃபோர்ட் ஊரில் அப்பா வால்டர், தொலைபேசி நிறுவன ஊழியர், வீட்டுக் கொல்லையில் தண்ணீர் பாய்ச்சி உறைய வைத்துத் தளம் அமைத்தார். தன் வயதுக்கு அணி இல்லாததால் ஆறு வயதில் பத்து வயதுப் பையன்களோடு ஆட வேண்டியிருந்தது. அந்த சீசனில் அடித்தது ஒரே ஒரு கோல். ஜெர்சி முழங்காலைத் தொட்டது, மட்டையில் மாட்டியது. ஒரு பக்கத்தை நிக்கருக்குள் செருகிவிட்டார்கள். பிறகு உலகப் புகழ் வந்து, அளவெடுத்துத் தைத்த ஜெர்சி கிடைத்த காலத்திலும், ஓய்வு பெறும் வரை வலப்பக்கத்தைச் செருகிக்கொண்டேதான் ஆடினார். பத்து வயதில், 1971-72 சீசனில், 378 கோல். அப்போது கேலரியில் மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். அந்தக் கேலரிக்கு நாம் திரும்பி வந்தாக வேண்டும்.

சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. 200 அடி நீளமும் 85 அடி அகலமுமான முழுத் தளத்தில் ஆறு வயதுக் குழந்தையை ஓடவிட்டால், பெரிய பிள்ளை ஒருவன் பக்கைத் தள்ளிக்கொண்டு பறக்க, மீதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். 2017-18 சீசனிலிருந்து மிகச் சிறியவர்களுக்குத் தளத்தைக் குறுக்கித் தடுப்பு வைத்து ஆடுவதை ஹாக்கி கனடா கட்டாயமாக்கியது. பக்கும் மாறியது: கறுப்புப் பக் சுமார் 160 கிராம் கனம் என்றால் சிறுவர்களின் நீலப் பக் அதில் மூன்றில் இரண்டு பங்குதான். முழுத் தளத்துக்குப் பணம் கட்டினோமே என்று சில பெற்றோர் முகம் சுளித்தார்கள். டிசம்பர்ப் பிள்ளையின் அம்மா முகம் சுளித்திருக்க மாட்டார்.

ஐஸையே பார்த்திராத குடும்பம் என்றால், ஸ்கார்பரோவில் குடியேறிய தமிழ்க் குடும்பமோ வேறு யாரோ, ‘ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்’ என்று ஒரு திட்டம் இருக்கிறது. 6 முதல் 10 வயது வரை, ஒரே கட்டணம், தலை முதல் கால் வரை உடைகளும் ஆறு வகுப்புகளும். அதிலே உடைக்கு அளவெடுக்கும்போது ஒரு கேள்வி வரும்: மட்டை இடப்பக்கமா, வலப்பக்கமா? வலக்கைக்காரப் பிள்ளைதானே, வலப்பக்கம் என்று அப்பா அவசரப்பட வேண்டாம். மட்டையின் உச்சியைப் பிடிக்கும் கைதான் அதை ஆள்கிறது. பலமான வலக்கை மேலே போனால் மட்டை இடப்பக்கம் இறங்கும். கனடாவில் பெரும்பாலோர் அப்படித்தான் ஆடுகிறார்கள். கையில் கொடுத்துவிட்டு, தானாக எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்பதே முறை.

ஒருவழியாகப் பையின் ஜிப்புக்கு வந்துவிட்டோம், பக்கம் முடிந்துவிட்டது. முழங்கால் காப்பு எது, முழங்கை காப்பு எது, எதற்குப் பின் எதை மாட்டுவது, காலை ஆறு மணிக்குக் குளிர் அறையில் மண்டியிட்டு அம்மா ஏன் அந்தக் கயிற்றை அவ்வளவு இறுக்குகிறார், எல்லாம் அடுத்த வாரம். அந்தக் கேலரியும், பெற்றோர் முடித்தாக வேண்டிய இணையப் பாடமும், அதன் பின்னால் இருக்கும் ஷெல்டன் கென்னடி என்ற வீரரின் கதையும் கூடவே வரும், இடம் இருந்தால். பைக்குள் கைவிட்டதும் முதலில் தட்டுப்பட்டது துணி போன்ற ஒரு பட்டை. கழுத்துக்காப்பு. அதை வெளியே எடுப்பதற்கு முன் ஒரு கோல்கீப்பரைப் பார்த்துவிட வேண்டும்: கிளின்ட் மலார்ச்சுக், பஃபலோ, 1989 மார்ச் 22.