ஐந்தெழுத்தும் 24 பைற்றும்

வோபர்னில் எங்கள் மாடிக் கட்டடத்தில் மென்பொருள் எழுதும் பொடியன் ஒருவன் இருக்கிறான். போரில் இறந்த எங்கள் ஊரவர்களின் பெயர்ப்பட்டியலை ஊர்ச்சங்கத்துக்காகக் கணனியில் அவனே செய்து தந்தான். அச்செடுத்தபோது கந்தசாமி என்ற பெயர் 'கந்தசா' என்று நின்றது. பின்னால் ஒரு கறுப்புச் சாய்சதுரம், அதனுள் கேள்விக்குறி. அவருடைய மனைவி தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மடித்து வைத்தார்.

பொடியனுக்குக் காரணம் பிடிபடவில்லை. "பைற், பிற் எல்லாம் கணனி பார்த்துக்கொள்ளும் அங்கிள். கார் ஓட்டுகிறவன் எஞ்சினைக் கழற்றத் தெரிந்திருக்க வேணுமா?" என்றான். இந்தக் கேள்வியை இலேசாகத் தள்ளிவிட முடியாது. நானும் ஒரு காலத்தில் அசெம்பிளி மொழி படித்தவன்தான். பிழைப்புக்காக அதில் ஒரு வரிகூட எழுதியதில்லை.

ஆனால் நடந்தது இதுதான். கந்தசாமி நமது கண்ணுக்கு ஐந்தெழுத்து. யூனிகோட்டுக்கோ எட்டுக் குறிகள்: ந் என்பதில் புள்ளி தனி, சா, மி ஆகியவற்றில் விசிறியும் காலும் தனி. 1992இல் கென் தொம்சனும் ரொப் பைக்கும் வகுத்த யூ.ரி.எவ்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற் போதும். 2,048 முதல் 65,535 வரையான எண்களுக்கு மூன்று வேண்டும். தமிழின் பகுதி 2,944இல் தொடங்குகிறது. ஆகவே கந்தசாமிக்கு 24 பைற். பொடியன் எங்கோ பெற்று ஒட்டிய நிரற்துண்டு ஒவ்வொரு பெயரையும் 20 பைற்றோடு வெட்டியது. ஆறு குறிகள் 18ஐ எடுத்துக்கொள்ள, 'ம'வின் மூன்றில் இரண்டு மட்டும் உள்ளே வந்தது. அரைகுறை 'ம'தான் அந்தச் சாய்சதுரம். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் இது ஒருநாளும் வெளிப்பட்டிராது.

இதைவிட மோசமானது தேடல். யோகம்மா என்று தேடினால் 'இல்லை' என்றது. பட்டியலில் அவர் இருந்தார். ஓகாரக்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால், இறந்தவர் பட்டியலிலும் இல்லாதவராகிவிடுகிறார்.

எங்கள் தலைமுறை இதை அறிந்தது கெட்டித்தனத்தால் அல்ல. பாமினி எழுத்துருவில் தட்டிய 'அம்மா', எழுத்துரு இல்லாத கணனியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலத்தில் பல்லிளிக்கும். உள்ளே கிடப்பது ஒன்று, வெளியே தெரிவது வேறு என்பதை அந்த அவமானமே படிப்பித்தது. யூனிகோட் அந்தச் சுவரை மூடிவிட்டது, அது நல்லதற்குத்தான்.

எல்லோரும் செயலியின் உட்கூறுகளைக் கற்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. தான் வேலை செய்யும் தளத்துக்கு ஒரு படி கீழே இறங்கிப் பார்க்கத் தெரிந்தால் போதும். தமிழில் வேலை செய்பவருக்கு அந்தப் படி எழுத்துக் குறியீடு. பதிவேடுகளும் நினைவக முகவரிகளும் தேவை வரும்போது வரட்டும்.

பொடியன் இரண்டையும் ஒரு பின்னேரத்தில் திருத்திவிட்டான். கந்தசாமியின் மனைவிக்குப் புதிய தாள் போயிற்று. இப்போது அகரவரிசையில் நிற்கிறோம்: யூனிகோட் எண்வரிசையில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்து வருவதால், கமலாவுக்கு முன்னால் கனகம்மா வந்துவிடுகிறார்.