கயிறு யார் கையில்?

நம் வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு எட்டு வயது. கணக்குப் போடும்போது கீழ் உதட்டைக் கடித்துக்கொள்வது அவளுடைய வழக்கம். கணக்கு எவ்வளவு கடினமோ, கடியும் அவ்வளவு பலமாக இருக்கும். சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்குச் சற்று முன்னால் அந்த உதட்டின் உட்புறத்தில் ஒரு சிறு கொப்புளம் தோன்றியது. பட்டாணி அளவுதான், இலேசான நீல நிறம், மேல்தோல் மெல்லியதாய்ப் பளபளவென்று இருந்தது. ஒரு வாரத்தில் தானாகவே உடைந்து வற்றிற்று. "விட்டது சனியன்!" என்று பாட்டி சொல்லி வாய் மூடுவதற்குள் மறுபடியும் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. எதிர் வீட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "தூத்துக்குடிப் பெண் அல்லவா? உதட்டிலேயே முத்து விளைகிறது!" என்றார்.

உதட்டின் உட்பக்கத்தில் உமிழ்நீர் ஊறும் நுண்ணிய சுரப்பிகள் பல இருக்கின்றன. பல் பட்டு அவற்றில் ஒன்றின் குழாய் அறுந்துபோனால், வாய்க்குள் வந்து சேர வேண்டிய நீர் தோலுக்கு அடியில் தேங்கிக் கொப்புளமாகிறது. டாக்டர்கள் இதற்கு மியூகோசீல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயருக்குத் தகுந்த அபாயம் ஒன்றும் கிடையாது. சில தாமாகவே மறைந்துவிடும். திரும்பத் திரும்ப வருவதை அந்தச் சுரப்பியோடு சேர்த்து எடுத்துவிடுவதுதான் வழி. உதட்டை மட்டும் மரக்கச் செய்து, நாற்காலியில் சாய்ந்தபடியே செய்துகொள்ளக்கூடிய சிறு ரண சிகிச்சை.

இதையெல்லாம் டாக்டர் நம்மிடம் நிதானமாகச் சொன்னார். ஆனால் கதவுக்கு வெளியே நின்ற குழந்தையின் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை: ஆபரேஷன்! அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

இந்த இடத்தில் நம்முடைய பழைய குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இவளுடைய அண்ணனுக்கு ஆறு வயதாயிருந்தபோது பால் பல் ஒன்று சொத்தையாகிச் சீழ் வைத்துவிட்டது. பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றார்கள். பையன் பயந்த சுபாவம். ஆகவே நாமும் வீட்டு அம்மாளும் கலந்து யோசித்து, "முத்துநகர் கடற்கரைக்குப் போகலாம், வா" என்று சொல்லி அழைத்துப் போனோம். ஒரு பல் வைத்தியசாலையின் வாசலில் ஆட்டோ நின்றது. "இங்கே ஒரு நிமிஷம் வேலை இருக்கிறது" என்றோம். உள்ளே போனதும், "ஒன்றும் செய்ய மாட்டார்கள், சும்மா பார்ப்பார்கள்" என்றோம். ஊசியைக் கண்டு அவன் அலறியபோது, "வலிக்கவே வலிக்காது" என்றோம். அரிச்சந்திரன் கதையை வகுப்பில் உருக்கமாகச் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் கால் மணி நேரத்துக்குள் சொன்ன பொய்கள் இவை! நாலு பேர் பிடித்துக்கொள்ளப் பல் வந்தது. அதற்குள் பையனுடைய மற்றப் பற்கள் டாக்டரின் விரலில் பதிந்துவிட்டன.

பல் பிடுங்கிய வலி இரண்டு நாளில் போய்விட்டது. ஆனால் அதன் பிறகு ஒரு வருஷ காலம், கடற்கரைக்குப் போகலாம் என்று யார் சொன்னாலும் அவன் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டான். தூத்துக்குடியில் பிறந்த பிள்ளையைக் கடலின் பெயர் கேட்டால் ஓடும்படி செய்த பெருமை நம்மைச் சேர்ந்தது.

இப்போது தங்கையின் முறை. இரவு படுக்கையில் அவள் அண்ணனிடம், "வலிக்குமா?" என்று மெதுவாகக் கேட்பது அடுத்த அறையில் இருந்த நமக்குக் கேட்டது. பன்னிரண்டு வயதுப் பையன் சொன்ன பதிலும் கேட்டது: "எனக்குத் தெரியாது. அப்பாகிட்டே மட்டும் கேட்காதே, சொல்ல மாட்டார்."

அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

பயப்படுகிற மனிதனைத் தைரியப்படுத்தி அனுப்புகிற வித்தை இந்தக் கரைக்குப் புதிதன்று. முத்துச் சிப்பிகள் கிடக்கும் கடலடித் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழம். காலில் கல்லைக் கொடுத்து, மூச்சை அடக்கி, ஏறக்குறைய ஒரு நிமிஷத்துக்குள் கையில் அகப்பட்டதை வாரிக்கொண்டு மேலே வர வேண்டும். கீழே சுறா இருக்கும் என்ற பயம் வேறு. இந்தப் பயத்துக்கு நம் முன்னோர் இரண்டு ஏற்பாடுகள் செய்திருந்தார்கள்.

ஒன்று மந்திரம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டி வைப்பவர்களுக்கு முத்து வியாபாரிகள் இருபதில் ஒரு பங்கு கொடுத்ததாக எழுதி வைத்திருக்கிறார். பகலில் கட்டிய கட்டை இரவில் அவிழ்த்தும் விடுவார்களாம். இல்லாவிட்டால் திருடர்கள் இரவில் தைரியமாக இறங்கிவிடுவார்கள் அல்லவா? 'கடல்கட்டி' என்ற இந்த உத்தியோகஸ்தர் இல்லாமல் குளியாட்கள் நீரில் இறங்க மறுத்தபடியால், மந்திரத்தில் துளியும் நம்பிக்கையில்லாத ஆங்கில அரசாங்கமே அவருக்கு ஊதியம் கொடுத்து வைத்திருந்தது. நல்ல வேளையாகச் சுறாக்கள் மந்திரத்தைப் பரீட்சித்துப் பார்த்தது மிகக் குறைவு.

மற்றொன்று கயிறு. குளிப்பவனோடு கீழே போகும் கயிற்றின் மறு நுனி தோணியில் இருப்பவன் கையில் இருக்கும். மூச்சு முட்டியதும் கீழே இருப்பவன் ஒரு வெட்டு வெட்டி இழுப்பான். மறு கணமே மேலே இருப்பவன் தூக்கிவிட வேண்டும். ஏன், எதற்கு என்ற கேள்வி கிடையாது. அந்தக் கயிற்றைப் பிடிக்கிறவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்பது இந்தக் கரையில் வழங்கும் பேச்சு. தன் உடன்பிறந்தவளின் தாலியல்லவா அந்த முனையில் தொங்குகிறது? தூத்துக்குடியில் கடைசி முத்துக் குளிப்பு 1961-இல் நடந்தது. அதோடு பாரும் ஓய்ந்தது, தோணிகளும் வேறு தொழிலுக்குப் போயின. பேச்சு மட்டும் இன்னும் இருக்கிறது.

"வலிக்கவே வலிக்காது" என்று நாம் குழந்தைகளுக்குச் சொல்வது கடல்கட்டியின் மந்திரத்தைப் போன்றது. ஆனால் ஒரு வித்தியாசம். கடலில் மந்திரம் பொய்த்துப் போவது அபூர்வம். பல் வைத்தியரின் நாற்காலியிலோ பத்தே விநாடியில் பொய்த்துவிடும். அப்புறம் அந்தக் குழந்தைக்குப் பற்றிக்கொள்ளக் கயிறும் இராது.

மெய்யைச் சொல்வதற்கு நம் காலத்துப் பெற்றோர்கள் அஞ்ச வேண்டிய காரணமும் இல்லை. 1844 டிசம்பரில் அமெரிக்காவில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர், சிரிப்பு வாயுவைச் சுவாசித்துவிட்டுத் தம்முடைய பல்லையே பிடுங்கச் சொல்லி, வலியில்லாமல் எழுந்தார். அந்த நாளுக்கு முன்பு குழந்தைக்கு மெய் சொல்வதென்றால் அது பயங்கரமான மெய்யாக இருந்திருக்கும். 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர், கோக்கெயினைக் கண்ணில் விட்டு அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யலாம் என்று காட்டினார். 1943-இல் ஸ்வீடனில் லோஃப்கிரென் கண்டுபிடித்த லிக்னோகெயின்தான் இன்று நம் ஊர் வைத்தியசாலைகளிலும் வழங்குகிறது. ஆகவே இப்போது சொல்ல வேண்டிய மெய் மிகச் சிறியது: ஊசி போடும்போது சில விநாடி சுருக்கென்று வலிக்கும், பிறகு வலி தெரியாது.

எப்போது சொல்வது என்பதும் முக்கியம். மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு முதல் நாள் சொன்னால் போதும். அதற்கு முன்பே சொன்னால் பயப்படுவதற்குத்தான் அவகாசம். பள்ளிக்குப் போகும் குழந்தைக்குச் சில நாட்கள் வேண்டும். கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நாம் நான்கு நாட்களுக்கு முன்னால், மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கையில், சாதாரணப் பேச்சோடு பேச்சாக ஆரம்பித்தோம். "சம்மணம் போட்டு வெகு நேரம் உட்கார்ந்தால் கால் என்ன ஆகிறது?" என்று கேட்டோம். "மரத்துப் போகிறது" என்றாள். "அப்போது கிள்ளினால்?" "தொடுகிறது தெரியும், வலிக்காது." உதடும் அப்படித்தான் ஆகும் என்றோம். டாக்டர் தொடுவது தெரியும், இழுப்பது தெரியும், வலி தெரியாது. அவள் உடனே காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, அண்ணனைக் கிள்ளச் சொல்லிப் பரீட்சை பார்த்தாள்.

"ஊசி வலிக்குமா?" என்று பிறகு கேட்டாள். தொண்டையில் பழைய பொய் வந்து நின்றது. விழுங்கிவிட்டு, "வலிக்கும். பத்து எண்ணுவதற்குள் போய்விடும்" என்றோம். அவள் அழவில்லை. நம்மைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மெதுவாக எண்ணினாலா, வேகமாக எண்ணினாலா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வருகிற பந்துக்களை என்ன செய்வது? ஒரு சித்தி தம்முடைய கடைவாய்ப் பல் ஆபரேஷனை இரத்த விவரங்களோடு வர்ணிக்க ஆரம்பித்தார். நாம் அவரை அவசரமாகச் சமையலறைக்கு அழைத்துப் போய்க் காப்பி கொடுக்க நேர்ந்தது. "அழுதால் டாக்டர் பெரிய ஊசி போடுவார்" என்பவர்கள் வேறு ரகம். அவர்களுக்குக் காப்பியும் கொடுக்கக் கூடாது என்பது நம் அபிப்பிராயம்.

டாக்டரிடம் முன்கூட்டியே போய் இரண்டு விஷயங்கள் பேசினோம். முதலாவது, எதையும் செய்வதற்கு முன் குழந்தைக்குச் சொல்லி, காட்டி, அப்புறம் செய்ய வேண்டும் என்பது. இது நம் கண்டுபிடிப்பு அன்று. 1959-இல் ஆடல்ஸ்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வகுத்த முறை. குழந்தைகளின் பல் மருத்துவர்கள் எல்லாரும் பயில்வது. இரண்டாவது, கயிறு. குழந்தை இடது கையை உயர்த்தினால் அந்த விநாடியே கையை எடுத்துவிட வேண்டும். டாக்டர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

அன்று காலை அவளுக்கு இரண்டு இட்லி கொடுத்தோம். உதட்டை மட்டும் மரக்கச் செய்யும் சிகிச்சைக்கு டாக்டர் வேறு விதமாகச் சொன்னாலன்றிப் பட்டினி வேண்டியதில்லை. வெறும் வயிறு மயக்கத்தைத்தான் வரவழைக்கும். முழு மயக்கம் கொடுத்துச் செய்வதானால் சங்கதியே வேறு. திட உணவை ஆறு மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்திவிட வேண்டும் என்பது பொது விதி. பிள்ளை பசிக்கிறதென்று அழுகிறதே என்று ஒளித்து வைத்து ஒரு பிஸ்கோத்துக் கொடுக்கும் பாட்டிமார் உண்டு. மயக்கத்தில் அது வாந்தியாகி மூச்சுக்குழலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஆஸ்துமா, இருதயக் கோளாறு, மருந்து ஒவ்வாமை, இரத்தம் எளிதில் உறையாத தன்மை ஆகியவற்றையும், முதல் நாள் வந்த சளி காய்ச்சலையும் கூட டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

நாற்காலியில் ஏறியதும் அவளுடைய கைகள் சில்லிட்டுப் போயின. அண்ணன் தானாகவே வந்து கால் பக்கம் நின்றுகொண்டான். முதலில் மரக்கச் செய்யும் களிம்பைத் தடவிச் சற்று நேரம் காத்திருந்தார்கள். பிறகு ஊசி. நாம் எண்ணினோம், ஏழு எண்ணும்போது ஒரு துளி கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. அழக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வேலை ஆரம்பித்த சிறிது நேரத்தில் இடது கை உயர்ந்தது. டாக்டர் நிறுத்திவிட்டார். இன்னும் கொஞ்சம் மருந்து போட்டு, காத்திருந்து, மறுபடி தொடங்கினார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் கை உயர்ந்தது. டாக்டர் மறுபடியும் நிறுத்தினார். "வலிக்கிறதா, அம்மா?" என்றார். அவள் இல்லையென்று தலையசைத்தாள். கயிறு இன்னும் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்திருக்கிறாள்! அதற்குப் பிறகு கை உயரவேயில்லை. மூன்று தையல்களோடு காரியம் முடிந்தது. எதிர் வீட்டு அம்மாளின் முத்து, பரிசோதனைக்காக ஒரு சிறு புட்டியில் போயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான காவல் தொடங்குகிறது. உதடு மரத்திருப்பது இரண்டு மூன்று மணி நேரம் நீடிக்கும். அந்த நேரத்தில் குழந்தை விளையாட்டாக உதட்டைக் கடித்துப் பார்க்கும். வலிக்காததால் மேலும் கடிக்கும். மரப்பு நீங்கும்போது உதடு புண்ணாகி வீங்கியிருக்கும். கடித்ததனாலேயே வந்த நோய்க்கு இது எவ்வளவு பொல்லாத மருந்து! மரப்பு நீங்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அன்று சூடான பண்டம், காரம், மொறுமொறுப்பானவை ஆகாது. ஆறிய ரசம் சாதம், தயிர் சாதம், ஐஸ்கிரீம் ஆகியவை உத்தமம். வலிக்குப் பாரசிட்டமால், அதுவும் டாக்டர் சொன்ன அளவு. ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடாது.

அவள் கேட்டதோ நம் ஊர் மக்ரூன். முந்திரிப் பருப்பும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்ந்த அந்தப் பண்டம் வாயில் வைத்தால் கரையும் என்று பெயர் இருந்தாலும், துகள் தையலில் போய் ஒட்டிக்கொள்ளும். தையல் போன பிறகுதான் என்றோம். "எந்தத் தேதி?" என்றாள். நாட்காட்டியில் வட்டம் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

அந்தத் தேதியில் மக்ரூன் பொட்டலம் வந்தது. இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். பையன் திடீரென்று நம் பக்கம் திரும்பி, "அன்றைக்கு என்னிடம் ஏன் அப்பா சொல்லவில்லை?" என்று கேட்டான்.

"நீ பயந்துவிடுவாய் என்று நாங்கள் பயந்துவிட்டோம்" என்றோம்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. பொட்டலத்தில் மிச்சமிருந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்றொன்றை நம் பக்கம் நகர்த்தி வைத்தான்.