வீணைக்கு வந்த திருகாணி

திருத்தணியில் 365 படிகளும் ஏறி மூச்சு வாங்கி நிற்கும்போது, முத்துசுவாமி தீட்சிதரின் நினைவு வராமல் போகாது. முருகப் பெருமான் முதியவராக வந்து அவர் வாயில் கற்கண்டு இட, முதல் கீர்த்தனம் இங்கே பிறந்தது என்பது கர்ண பரம்பரை. தீட்சிதர் வைணிகர் அல்லவா! இன்றைய வீணையைக் கண்டால் அவர் என்ன நினைப்பார்?

வழிவழியாக வந்த வீணையில் 24 மெட்டுகளும் கரி சேர்த்த தேன்மெழுகின்மேல் பதிந்திருக்கும். வெயிலில் மெழுகு இளகும், மெட்டு நகரும், சுருதி கெடும். உடனே மேளம் கட்டத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டும்!

புதிய வகை வீணைகளிலோ மெட்டைத் திருகாணியால் சரிசெய்யலாம். மரப் பிருடைக்குப் பதில் கிட்டார் சாவி. குடத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்து விமானம் ஏறலாம். குதிரையருகே ஒலிவாங்கி வேறு!

ஊர் ஊராகப் போகும் கலைஞர்களுக்கு நிம்மதி. பழமையில் ஊறியவர்களுக்கோ மனம் ஒப்பவில்லை. பாடுவது பலாமரமா, ஒலிபெருக்கியா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால், மேளம் கட்ட ஆளில்லாமல் வீணை மூலையில் உறங்குவதைவிட, திருகாணியோடு பாடுவது மேல் அல்லவா? தந்தியை இழுத்துக் கமகத்தைப் பேச வைப்பது இன்றும் விரல்தான். அதற்கு எந்தத் திருகாணியும் கிடையாது!