கேஸ் கசிந்தால் சுவிட்சைத் தொடக் கூடாது, ஏன்?

சிலிண்டருக்குள் புரொப்பேனும் பியூட்டேனும் அழுத்தத்தால் திரவமாக அடைபட்டிருக்கின்றன. வெளியே கசிந்தால் ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். இந்த வாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிவு நமக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைக் கலக்கிறார்கள்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. அதனால் மேலே போகாமல் தரையோடு பரவி, மேடைக்கு அடியிலும் மூலைகளிலும் தேங்கும். ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது. கதவையும் திறக்க வேண்டும்.

காற்றில் ஏறத்தாழ 2 முதல் 9 சதவீதம் வரை கலந்திருக்கும்போது, ஒரு சிறு பொறியே இதைப் பற்றவைத்துவிடும். சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே உலோக முனைகள் சேரும், பிரியும் இடத்தில் அந்தப் பொறி எழுகிறது. எரிகிற விளக்கை அணைப்பதும் ஆபத்து என்பது இதனால்தான். எக்ஸாஸ்ட் ஃபேனையும் போடாதீர்கள்.

வாசனை வந்தால் என்ன செய்வது? அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள். ஃபிரிட்ஜ் தானாகவே ஓடி நிற்கும்போதும் பொறி எழலாம் என்பதால், மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் அதை அணையுங்கள். வெளியே போனபிறகு 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

கசிவைத் தேட ஒருபோதும் தீக்குச்சி உரசாதீர்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் அங்கே கசிகிறது. டியூபில் அச்சிட்ட காலாவதித் தேதியை இன்றே பாருங்கள். இரவு படுக்கும்முன் ரெகுலேட்டரை மூடுவது வீட்டில் எல்லோருக்கும் பழக்கமாகட்டும்.