ஆரம்பப் பாடசாலையின் விதிகளும் குடும்பத்தின் கடப்பாடும்

ஐந்து வயது நிறைந்த பிள்ளையொன்று முதலாம் வகுப்பிற் சேர்க்கப்படும்போது மூன்று தரப்பினரிடையே ஓர் உடன்பாடு ஏற்படுகின்றது. அரசு, பாடசாலை, குடும்பம் என்பன அம்மூன்று தரப்புகளாகும். யாருடைய பொருட்டு இவ்வுடன்பாடு செய்யப்படுகின்றதோ அப்பிள்ளைக்கு அதிற் பேசும் உரிமை இல்லை. ஆகவே ஆரம்பப் பாடசாலை விதிகளை ஆராயப் புகுவோர், ஒவ்வொரு விதியும் இம்மூவருள் யாருடைய வசதிக்காக எழுந்தது என்பதையும், அது பிள்ளைக்கு எவ்வளவு காப்பளிக்கின்றது என்பதையும் முதலில் நோக்குதல் வேண்டும். இலங்கையின் ஆரம்பக் கல்வி வரலாற்றிலே இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடை காலத்துக்குக் காலம் வேறுபட்டு வந்துள்ளது.

பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பத் தவறும் பெற்றோரைத் தண்டிக்கலாம் என்னும் எண்ணம் நம் நாட்டுக்கு அண்மையில் வந்ததன்று. ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில், கோவிற்பற்றுதோறும் அமைந்த பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம் ஆகியவற்றைத் தோம்பிற் பதியும் அலுவலராகவும் விளங்கினார். பிள்ளைகள் வராதவிடத்துப் பெற்றோரிடமிருந்து குற்றப்பணம் அறவிடப்பட்டது. வரவு இடாப்பும் குடித்தொகைப் பதிவும் ஒருவர் கையிலேயே இருந்தமையால், பள்ளிக்கு வெளியே நின்ற குடும்பம் சட்டத்துக்கும் வெளியே நிற்க நேர்ந்தது. எனினும் அக்கட்டாயத்தின் நோக்கம் பிள்ளையின் அறிவு வளர்ச்சியன்று. ஆட்சியாளரின் சமயத்துக்கு ஆள் சேர்ப்பதேயாகும். அவ்வாட்சி 1796இல் நீங்கியதும் அக்கட்டாயமும் நீங்கிற்று.

இதற்குப் பக்கத்திலே நம்மவரின் திண்ணைப் பள்ளிக்கூட மரபும் தொடர்ந்து வந்தது. விசயதசமியன்று ஏடு தொடக்கி, மணலில் எழுதப் பழக்கி, பிள்ளையை ஆசிரியரிடம் ஒப்படைப்பதோடு பெற்றோர் தம் கடமை முடிந்ததெனக் கருதினர். கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றையவற்றை உரித்தாலும் கேளோம் என்று தந்தையர் உபாத்தியாயரிடம் சொன்ன வழக்கு நம் ஊர்களில் நெடுங்காலம் நிலவியது. மேலோட்டமாகப் பார்ப்போர் இதனை ஆசிரியர்பாற் கொண்ட மதிப்பென்று போற்றுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. பிள்ளைமீதுள்ள அதிகாரம் முழுவதையும் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றுவதே அங்கு நிகழ்ந்தது. பிள்ளைக்கென ஒரு பங்கு ஒதுக்கப்படவில்லை. உடற்றண்டனையை விலக்கும் கல்வி அமைச்சின் 2005/17ஆம் இலக்கச் சுற்றுநிருபம் இம்மனப்பான்மைக்கே எதிரானதாகும். அது ஆசிரியரை நோக்கி எழுதப்பட்டதாயினும், அடித்தாவது படிப்பியுங்கள் என்று வேண்டும் பெற்றோரும் அதனை வாசித்தல் நன்று.

பாடசாலை விதியும் குடும்பத்தின் விருப்பமும் நேருக்கு நேர் மோதிய நிகழ்ச்சியொன்று யாழ்ப்பாண வரலாற்றில் உண்டு. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் அனுமதிக்கப்பட்ட பாடசாலைகளிலும், ஏனைய பிள்ளைகள் வாங்குகளில் அமர, அவர்கள் நிலத்திலோ வகுப்பறைக்குப் புறத்திலோ இருத்தப்பட்டனர். அரசின் உதவிப்பணம் பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டுமெனக் கல்வித் திணைக்களம் 1929, 1930ஆம் ஆண்டுகளில் வற்புறுத்தியது. உயர்சாதியினரெனத் தம்மைக் கருதிக்கொண்ட பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை மறித்தனர், மனுக்கள் அனுப்பினர், சில பாடசாலைகள் தீக்கிரையாயின. பெற்றோர் விரும்புவதே பிள்ளைக்கு நன்மை என்னும் கருத்தை ஏற்போமாயின், அன்று பாடசாலைக்குத் தீ வைத்தோரின் பக்கமே நாமும் நிற்க வேண்டியிருக்கும். ஆறு வயதுப் பிள்ளைகள் இருவர் ஒரே வாங்கில் அருகருகே இருத்தல் என்ற மிகச் சிறிய விதி, அச்சமூகத்தின் அடித்தளத்தையே தொட்டது. விதி எழுதப்பட்டவுடன் நிலைமை மாறிவிடவில்லை என்பதையும், பிற்காலப் பதின்ம ஆண்டுகளிலும் வேறு வடிவங்களில் அவ்வேறுபாடு காட்டப்பட்டது என்பதையும் மறைத்தல் ஆகாது. ஆயினும் பிள்ளையைத் தன் குடும்பத்தின் தப்பெண்ணத்திலிருந்தும் அயலாரின் தப்பெண்ணத்திலிருந்தும் காக்கும் கடமை பாடசாலைக்கு உண்டென்பது அன்றே நிலைநாட்டப்பட்டது.

கட்டாயக் கல்விச் சட்டத்தின் கதை இதனினும் விசித்திரமானது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் பெருந்தோட்டங்களையும் உள்ளடக்கியது. ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வியளிக்கும் பொறுப்பு தோட்டத்துரைமேல் சுமத்தப்பட்டது. ஆனால் பிள்ளை பாடசாலைக்குப் போகும் நேரம் கொழுந்தெடுக்கும் நேரமாகவும் இருந்தது. பிள்ளையின் உழைப்பில் வருவாய் காண்பவரிடமே அப்பிள்ளையைப் படிப்பிக்கும் பொறுப்பையும் ஒப்படைத்த சட்டம் எவ்வாறு பயன் தந்திருக்கும் என்பதை விரித்துக் கூற வேண்டியதில்லை. லயத்தின் ஒரு கோடியில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒரே கூட்டமாக அமர்ந்திருத்தல் என்பதே பல தோட்டங்களிற் பாடசாலை எனப்பட்டது. இலவசக் கல்வித் திட்டம் 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நடைமுறைக்கு வந்தபோதும், 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் ஒதுக்கப்பட்டே இருந்தன. 1977ஆம் ஆண்டு தொடக்கமே அவை படிப்படியாக அரசின் கீழ் வந்தன; 1980களிற் சுவீடன் நாட்டு உதவியுடன் அவற்றுட் பல திருத்தப்பட்டன.

ஏனைய பிள்ளைகளின் நிலை என்னவெனில், 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் கட்டாய வரவுபற்றிய பிரமாணங்களை ஆக்குதற்கு இடமளித்தது. அப்பிரமாணங்களோ 1997ஆம் ஆண்டு இறுதியிலேயே ஆக்கப்பட்டு, 1998 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. இடையிற் கழிந்தவை ஐம்பத்தெட்டு ஆண்டுகள்! கட்டணமின்றிக் கல்வி, 1980 முதல் இலவசப் பாடநூல், 1993 முதல் இலவசச் சீருடை என்பவற்றைக் கொடுத்தால் பிள்ளைகள் தாமாகவே வந்துவிடுவர் என்ற நம்பிக்கை இத்தாமதத்துக்கு ஒரு காரணமாகலாம். பெரும்பான்மைப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்நம்பிக்கை பொய்க்கவுமில்லை. வராது நின்றோர் தோட்டத்து லயங்களிலும், மீன்பிடிக் குடியிருப்புகளிலும், நகரச் சேரிகளிலும், பிறர் வீட்டு அடுக்களைகளிலும் இருந்தனர். இவர்களைத் தேடிச் செல்லவேண்டும் என்பதையே 1997ஆம் ஆண்டுப் பிரமாணங்கள் கூறின. ஐந்து முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளை ஒழுங்காகப் பாடசாலை செல்வதை உறுதிப்படுத்தல் பெற்றோரின் சட்டக் கடப்பாடாயிற்று. கிராம அலுவலர் பிரிவுதோறும் பாடசாலை வரவுக் குழுக்கள் அமைக்கப்பட வழி செய்யப்பட்டது. மேல்வயதெல்லை 2016ஆம் ஆண்டிற் பதினாறாக உயர்த்தப்பட்டது.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கற்பாலது. ஒல்லாந்தர் காலக் குற்றப்பணமும் இன்றைய கட்டாய வரவும் ஒன்றெனத் தோன்றலாம். வரவுக் குழுவின் முதற்பணி தண்டிப்பதன்று. பிள்ளை ஏன் வரவில்லை என்று வினாவுவதாகும். தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குச் சென்றிருப்பாள்; மூத்த பெண்பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்டிருப்பாள்; மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்க முடியாதிருக்கும்; சப்பாத்து இல்லையென்ற கூச்சமே காரணமாயிருப்பதும் உண்டு. இவற்றை அறியாது இடாப்பிற் சிவப்பு மையால் வட்டமிடுவதோடு நின்றுவிடும் பாடசாலை, சட்டத்தின் எழுத்தைக் காத்து அதன் பொருளைக் கைவிட்டதாகும். நம் கருத்தில், அதிபரொருவரின் திறமையை அளக்கப் பரீட்சைப் பெறுபேற்றைவிட வாராத பிள்ளையின் வீட்டுக்கு எத்தனை முறை ஆள் அனுப்பினார் என்ற கணக்கே தகுந்த அளவுகோலாகும்.

இனி, அனுமதி விதிகளுக்கு வருவோம். சனவரி மாதம் 31ஆம் திகதியன்று ஐந்து வயது பூர்த்தியாகியிருத்தல் என்பதே பொது நிபந்தனை. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இவ்வயதை ஆறாக உயர்த்தியதும், ஆட்சி மாற்றத்தின் பின்னர் அது பழையபடி ஐந்தாக்கப்பட்டதும் மூத்தோர் நினைவிலிருக்கும். சிறிய கிராமப் பாடசாலைகளில் அனுமதி ஒரு பிரச்சினையே அன்று. அங்கே பிள்ளைகள் போதாமையே பிரச்சினை. பெயர்பெற்ற பாடசாலைகளிலோ இடத்தைவிட விண்ணப்பம் பன்மடங்காதலின் பங்கீடு அவசியமாயிற்று. அண்மைக்காலச் சுற்றுநிருபங்களில் வழங்கிவந்த பங்கீட்டின்படி, அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு 50 வீதமும், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 வீதமும், ஏற்கனவே அங்குக் கற்போரின் உடன்பிறந்தாருக்கு 15 வீதமும் ஒதுக்கப்பட்டன. எஞ்சியவை கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற அரச அலுவலர், வெளிநாட்டிலிருந்து மீண்டோர் ஆகியோரின் பிள்ளைகளுக்குரியன.

பார்வைக்கு நீதியான இப்பங்கீட்டை உற்றுநோக்கின் ஓர் உண்மை புலனாகும். நூற்றுக்கு நாற்பது இடங்கள் ஏற்கனவே அப்பாடசாலையோடு தொடர்புடைய குடும்பங்களுக்கே போகின்றன. எஞ்சிய பாதியும் வதிவிடத்தை நிறுவும் பத்திரங்களைப் பொறுத்தது. உறுதி யார் பெயரில் உள்ளது, வாக்காளர் இடாப்பில் எத்தனை ஆண்டுகள் பெயருண்டு என்பனவெல்லாம் புள்ளிகளாகின்றன. ஆக, நேர்முகப் பரீட்சைக்கு அமர்வது பிள்ளையன்று. குடும்பத்தின் சொத்துப் பத்திரமே. வாடகை வீட்டில் வாழ்பவரும், சீதனக் காணி இன்னும் பாட்டியின் பெயரிலேயே இருப்பவரும், போரினால் 1990களிலும் அதன் பின்னரும் ஊர்விட்டு ஊர் பெயர்ந்து வாக்காளர் இடாப்பின் தொடர்ச்சியை இழந்தவரும் இவ்வழியிற் பின்தள்ளப்படுகின்றனர். பிள்ளையின் திறமையை ஐந்து வயதில் அளத்தல் ஆகாது என்ற சரியான கொள்கையிலிருந்து புறப்பட்ட விதியே, பெற்றோரின் உடைமையை அளக்கும் விதியாக முடிந்தமை வருந்தத்தக்கது. பொய்யான வதிவிடப் பத்திரங்கள் தயாரிக்கப்படுவதைக் கண்டித்தல் நியாயமே. ஆனால் அயலிலுள்ள பாடசாலையை அயலவர் நம்பும்படி ஆக்காதவரை அவ்வழக்கம் ஒழியும் என எதிர்பார்த்தல் வீண்.

சேர்ந்த பின்னர்ப் பாடசாலை குடும்பத்திடம் எதிர்பார்ப்பது என்ன? நேரத்துக்கு அனுப்புதல், வாராமைக்குக் கடிதம் கொடுத்தல், முன்னேற்ற அறிக்கையிற் கையொப்பமிடுதல், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வருதல், சிரமதானத்திற் பங்குகொள்ளுதல் என்பன யாவரும் அறிந்தவை. இவற்றைப்பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. கூட்டங்கள் காலை நேரத்தில் வைக்கப்படின் நாட்கூலிக்குச் செல்லும் பெற்றோர் ஒரு நாட் சம்பளத்தை இழந்தே அங்கு வருகின்றனர் என்பதை மட்டும் நினைவூட்டுவோம். நன்கொடை என்ற பெயரில் திரட்டப்படும் பணம் விரும்பிக் கொடுப்பதாயிருத்தல் வேண்டும். கொடாதவரின் பிள்ளையை வகுப்பில் எழுப்பிக் கேட்டல் இலவசக் கல்வியின் வேரிலே வெந்நீர் ஊற்றுதற்கு ஒப்பாகும்.

கற்பித்தல் முறைபற்றியே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இடையிற் கருத்து வேற்றுமை மிகுதியாக எழுகின்றது. 1998ஆம் ஆண்டிற் கம்பகா மாவட்டத்திற் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1999இல் நாடெங்கும் பரவிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், ஐந்து வகுப்புகளையும் மூன்று முதன்மை நிலைகளாகப் பகுத்தது. முதலிரு வகுப்புகள் முதல் நிலை. மூன்றாம், நான்காம் வகுப்புகள் இரண்டாம் நிலை. ஐந்தாம் வகுப்பு மூன்றாம் நிலை. விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்னும் மூன்றும் கலந்தே கற்பித்தல் நிகழும். முதல் நிலையில் விளையாட்டுக்கு முதலிடமும், மேலே செல்லச் செல்ல எழுத்துவேலைக்குக் கூடுதலான இடமும் வழங்கப்படும். ஆங்கிலம் முதலாம் வகுப்பில் வாய்மொழியாக மட்டும் பழக்கப்பட்டு, மூன்றாம் வகுப்பிலேயே முறையான பாடமாகும். பிள்ளை பாடசாலையில் விளையாடுகின்றது, கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை என்று முறையிடும் பெற்றோர் பலர் இவ்வொழுங்கின் காரணத்தை அறியாதோரே. அறிவிக்கவேண்டியது பாடசாலையின் கடமை. விதியை மட்டும் அறிவித்து அதன் நியாயத்தை அறிவியாது விடுவதனால், அச்சந்தேகம் மாலை நேரத் தனியார் வகுப்புக்காரருக்கு வருவாயாகின்றது.

இச்சந்தேகத்தை வளர்க்கும் மற்றொன்று ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையாகும். வசதி குறைந்த கிராமப்புற மாணவருட் சிறந்தோரை மத்திய கல்லூரிகளிற் சேர்த்துப் படிப்பிக்கும் நோக்குடன் 1940களிலே, சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வியமைச்சராயிருந்த காலத்தில் எழுந்த திட்டத்தின் வழிவந்தது அது. ஏழைப் பிள்ளைக்கு ஏணியாகப் படைக்கப்பட்ட அப்பரீட்சை இன்று நாட்டின் எல்லாப் பத்து வயதுப் பிள்ளைகளையும் ஓட்டப்பந்தயத்தில் இறக்கியுள்ளது. நான்காம் வகுப்பிலேயே விளையாட்டு நின்றுவிடுகின்றது; சித்திரமும் சங்கீதமும் நேரசூசியில் மட்டும் வாழ்கின்றன. வெட்டுப்புள்ளிக்கு மேலே பெற்ற பிள்ளையின் படம் பாடசாலை வாயிலில் தொங்குகின்றது. அதன் கீழேயுள்ள பெரும்பான்மைப் பிள்ளைகளுக்குத் தாம் தோற்றவர் என்ற பாடமே ஐந்தாண்டுக் கல்வியின் இறுதிப் பாடமாகின்றது. பரீட்சையை முற்றாக நீக்கவேண்டும் என்பாரோடு நாம் உடன்படவில்லை; தோட்டத்துப் பிள்ளைக்கும் வன்னிப் பிள்ளைக்கும் அதனாற் கிடைக்கும் உதவிப்பணமும் நல்ல பாடசாலையில் இடமும் அற்பமானவையல்ல. வசதியுள்ள குடும்பங்கள் தம் பிள்ளைகளை அதற்கு உட்படுத்துவதே தேவையற்றது.

ஈற்றில் பிறப்புச் சான்றிதழ்பற்றி ஒரு சொல். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னர் மலையக மக்களுட் பலர் நாடற்றோராயினர். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அவர்களது பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. பத்திரமில்லாத வாழ்க்கை தலைமுறை தலைமுறையாய்ப் பழகிப்போன இடங்களிற் பிள்ளையின் பிறப்புப் பதியப்படாது விடுபடுதல் வியப்பன்று. போர் நடந்த மாவட்டங்களிற் பதிவேடுகளே அழிந்தன. இத்தகைய பிள்ளையொன்று வாயிலில் நிற்கும்போது, சான்றிதழ் கொண்டுவந்த பின்னர் வா என்று திருப்பியனுப்ப எந்த அதிபருக்கும் அதிகாரமில்லை. முதலிற் பிள்ளையை வகுப்பில் இருத்தி, பின்னர்க் கிராம அலுவலர் வழியாகவும் பிரதேச செயலகத்தின் வழியாகவும் காலங்கடந்த பிறப்புப் பதிவையோ, உத்தேச வயதுச் சான்றிதழையோ பெற்றுக்கொள்ளக் குடும்பத்துக்கு உதவுதலே முறையாகும். விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தெரியாத தாய்க்கு அதனை நிரப்பிக் கொடுக்கக்கூடியவர் பெரும்பாலும் அவ்வூரில் அப்பாடசாலை ஆசிரியர் ஒருவரே.