தொண்டைக்கு மூன்று நாள், இதயத்துக்குப் பத்து நாள்

டான்சில் வீங்கி எச்சில்கூட விழுங்க முடியாமல் தவிக்கும் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் தொடங்கிய மூன்றாம் நாளே காய்ச்சல் இறங்கிவிடும், சோறும் இறங்கும். அத்தோடு மருந்தை நிறுத்திவிடும் வீடுகள் ஏராளம். குணமான பிறகும் எதற்கு இன்னும் ஏழு நாள் என்பது நியாயமான கேள்விதான். அந்தப் பத்து நாள் கணக்கு இதயத்தை மனத்தில் வைத்துப் போடப்பட்டது என்பதே அதற்குப் பதில். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டை அழற்சி, மருந்தே இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். ஆபத்து அதற்குப் பிறகுதான். கிருமியை எதிர்க்க உடல் தயாரித்த எதிர்ப்பொருள்கள், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துத் அவர்களுடைய இதயத் திசுவையே தாக்கத் தொடங்குகின்றன. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுக்குள் இது அதிகம். பத்து வயதில் இந்தக் காய்ச்சலால் கெட்ட இதய வால்வு, இருபத்தைந்து வயதில் கர்ப்பகாலத்து மூச்சுத்திணறலாகத் தலைகாட்டுவதும் உண்டு.

பென்சிலின் இந்தக் காய்ச்சலைத் தடுக்கும் என்பதற்கான சான்று அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள வாரன் படைத்தளத்திலிருந்து வந்தது. அங்கே இளம் படைவீரர்களிடையே தொண்டை அழற்சி பரவிக்கொண்டிருந்தபோது, மருத்துவர் சார்லஸ் ராம்மல்காம்ப் குழுவினர் ஒரு பாதிக்குப் பென்சிலின் ஊசி போட்டு, மறுபாதியோடு ஒப்பிட்டார்கள். 1950இல் வெளியான முடிவின்படி, ஊசி போட்ட 798 பேரில் 2 பேருக்கும், போடாத 804 பேரில் 17 பேருக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. அவர்கள் போட்டது ரத்தத்தில் பல நாள் தங்கும் ஊசி என்பதைக் கவனிக்க வேண்டும். பென்சிலின், பெருகிக்கொண்டிருக்கும் பாக்டீரியா புதுச் சுவர் கட்டும்போதுதான் அதைக் கொல்லும். ஆகவே ஒரே வேளையில் எவ்வளவு கொடுத்தோம் என்பதைவிட, போதிய அளவு மருந்து எவ்வளவு நேரம் உடலில் இருந்தது என்பதே முக்கியம். நடுவில் நான்கு வேளை விட்டுவிட்டு ஐந்தாம் வேளை இரட்டிப்பாகக் கொடுப்பது இந்தக் கணக்கைச் சரிசெய்யாது.

இப்போது குறுகிய சிகிச்சையே நல்லது என்று பல நோய்களில் நிரூபணமாகி வருகிறதே என்று கேட்கலாம். உண்மை. தொண்டை அழற்சிக்கே ஸ்வீடனில் ஓர் ஆய்வு நடந்து 2019இல் வெளியானது. 800 மில்லிகிராம் பென்சிலின்-வி மாத்திரையைத் தினம் நான்கு வேளையாக ஐந்து நாள் ஒரு பிரிவினருக்கும், 1,000 மில்லிகிராமை மூன்று வேளையாகப் பத்து நாள் மற்றொரு பிரிவினருக்கும் கொடுத்தார்கள். நோய் குணமானது முறையே 89.6, 93.3 சதவீதம், வித்தியாசம் சிறிது. ஆனால் கிருமி முற்றிலும் நீங்கியது 80.4, 90.7 சதவீதம். ருமாட்டிக் காய்ச்சல் மிக அரிதான ஸ்வீடனில் முதல் கணக்கை வைத்து முடிவெடுப்பது சரியே. ருமாட்டிக் இதய நோயாளிகள் மிக அதிகம் வாழும் நாடுகளில் ஒன்றான இந்தியாவில் இரண்டாவது கணக்கைத்தான் நாம் பார்க்க வேண்டும் என்பது என் முடிவு. இங்கே சர்வசாதாரணமாக எழுதப்படும் மூன்று நாள் அஜித்ரோமைசின் பத்து நாள் பென்சிலினுக்கு மாற்றாகாது. அது பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கான மருந்து. அதை எதிர்த்து நிற்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் உலகின் பல பகுதிகளில் பெருகியும் இருக்கிறது.

பத்து நாள் என்று சீட்டில் இருந்தாலும் வீட்டில் நடப்பது வேறு. பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்ஸிசிலினுக்கு ஏற்கப்பட்ட அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம், நாளொன்றுக்கு உச்சமாக 1,000. பதினாறு கிலோ குழந்தைக்கு 800 மில்லிகிராம். ஐந்து மில்லிக்கு 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது 16 மில்லி. 30 மில்லி பாட்டில் இரண்டு நாளுக்கே போதாது. பத்து நாளுக்கு ஆறு பாட்டில் வேண்டும். ஒரு பாட்டில் தீர்ந்ததும் சிகிச்சை முடிந்தது என்று நினைக்கும் பெற்றோரைக் குறைசொல்லிப் பயனில்லை. மருந்துச் சீட்டை எழுதும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். பத்து நாளும் மருந்து கொடுக்க முடியாத வீடுகளுக்கு பென்சத்தீன் பென்சிலின் ஒரே ஊசி போதும்: 27 கிலோவுக்குக் கீழே 6 லட்சம் யூனிட், மேலே 12 லட்சம்.

இத்தனை ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிருமிகளின் எதிர்ப்புத்திறன் வளராதா என்பது இன்னும் கனமான கேள்வி. இந்தக் கிருமி எண்பது ஆண்டுகளாகியும் பென்சிலினை எதிர்க்கக் கற்கவில்லை. ஆனால் குடலில் வாழும் மற்ற பாக்டீரியாக்களுக்கு அந்தப் பாதிப்பு உண்டு. அதைக் குறைக்க வேண்டுமானால், மருந்தே தேவைப்படாதவர்களிடம்தான் தொடங்க வேண்டும். தொண்டை வலியோடு வரும் பிள்ளைகளில் பத்துக்கு ஏழு பேருக்குக் காரணம் வைரஸ். பெரியவர்களில் இன்னும் அதிகம். மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல் இருந்தால் பெரும்பாலும் வைரஸ்தான். இருமலே இல்லாமல் காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படலம், கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கும் நெறிக்கட்டி ஆகியவை சேர்ந்திருந்தால் தொண்டைச் சளியைத் துடைத்தெடுத்துப் பரிசோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். முடிவு வர இரண்டு நாள் ஆகுமே என்று பதற வேண்டாம். நோய் தொடங்கி ஒன்பது நாளுக்குள் பென்சிலின் ஆரம்பித்தாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும்.